23 லிட்டர் பீர் கிட்: வாளியில் குறையில்லை, மடித்த தாளில்தான் கோளாறு

வீட்டில் பீர் காய்ச்ச முதன்முதலாக இறங்குபவர்கள் பெரும்பாலும் வாங்குவது இந்தப் பெட்டியைத்தான். அட்டையில் எந்தக் கம்பெனியின் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே. 25 முதல் 30 லிட்டர் பிடிக்கும் உணவுத்தர பிளாஸ்டிக் வாளி, அதற்கு மூடி, அடியில் பொருத்தும் குழாய், உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாத ஏர்லாக், நொதிக்க நொதிக்கக் குறையும் சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், வாளியில் ஒட்டும் வெப்பமானிப் பட்டை, பாட்டில் நிரப்பும் குழல், ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ சேர்த்த மால்ட் (முளைகட்டிய பார்லி) சாறு 1.7 கிலோ டப்பா, 1 கிலோ சர்க்கரை, டப்பாவின் பிளாஸ்டிக் மூடிக்கடியில் ஆறேழு கிராம் ஈஸ்ட் பொட்டலம், கொஞ்சம் சுத்திகரிப்புத் தூள், பிறகு நான்காக மடித்த ஒரு செய்முறைத் தாள். 23 லிட்டர் பீர் கிடைக்கும் என்கிறது அட்டை. கிடைக்கும். வாயில் வைக்கிற மாதிரி இருக்குமா என்பதுதான் கேள்வி.

பாத்திரங்களுக்கு நல்ல மதிப்பெண் போடலாம். மூலப்பொருள் நடுத்தரம். அந்த மடித்த தாளுக்குப் பூஜ்யம். முதல் தடவை பீர் கெட்டுப்போனதும் "நமக்குக் கைராசி இல்லை" என்று வாளியைப் பரணில் ஏற்றிவிடுகிறவர்கள் அதிகம். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாளில் போட்டிருக்கிற வெப்பநிலையிலும் நாள் கணக்கிலும் செய்தால் அப்படித்தான் வரும்.

குழாயிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பல விபத்துகளும் அங்கேதான் தொடங்குகின்றன. ரப்பர் வளையம் லேசாக முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாலே சொட்டும். சொட்டுகிறதே என்று மேலும் இறுக்கினால் வளையம் பிதுங்கி இன்னும் அதிகமாகச் சொட்டும். கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று, அவ்வளவுதான். பீர் போடுவதற்கு முந்தின நாள் வாளியை வாய்வரை தண்ணீரால் நிரப்பி, அடியில் காகிதம் விரித்து ஒரு இரவு விட்டுவைக்க வேண்டும். காலையில் காகிதம் நனைந்திருந்தால் தண்ணீரோடு போயிற்று. இந்தச் சோதனையைத் தாள் சொல்லவே இல்லை. 23 லிட்டர் இனிப்புச் சாறு உள்ளே இருக்கும்போது ஒழுகினால், குழாயைக் கழற்றவும் முடியாது, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது.

ஒழுகலைவிடப் பெரிய தொல்லை, கண்ணுக்குத் தெரியாத அழுக்கு. குழாயின் உள் உருளைக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே போன தடவை பீர் ஒட்டிக் காய்ந்திருக்கும். வாளியை எத்தனை தடவை அலசினாலும் அது போகாது. முதல் காய்ச்சல் நன்றாக வந்து, இரண்டாவதும் மூன்றாவதும் புளித்துப்போகிற மர்மத்தின் விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான குழாய்களைச் சூடான தண்ணீரில் சில நிமிடம் போட்டு அழுத்தினால் உருளை தனியாக வந்துவிடும். ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ வேண்டும். நடுவில் ஹைட்ரோமீட்டர் பார்க்கக் குழாயைத் திறந்தால், மூக்கில் தங்கும் நாலு சொட்டு பீரும் கிருமிக்குத் தொட்டில்தான். மூடியவுடன் கிருமிநாசினியைக் குழாய் மூக்குக்குள் பீய்ச்சி, ஒரு சுத்தமான பையைக் கட்டி வைத்தால் போதும்.

பெட்டியில் வரும் தூளைப் பற்றி ஒரு விஷயம். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கு இருக்கிற பரப்பில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. முதலில் சோடியம் பெர்கார்பனேட் மாதிரியான ஒன்றை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊறவைத்துக் கழுவ வேண்டும், அப்புறம்தான் கிருமிநாசினி. ஸ்டார் சான் போன்ற அமில வகை என்றால் லிட்டருக்கு ஒன்றரை மில்லி கலந்து, பரப்பு முழுக்க ஓரிரு நிமிடம் ஈரமாக இருந்தால் போதும், திரும்ப அலச வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் நுரையைப் பார்த்துப் பயந்து குழாய்த் தண்ணீரில் அலசினால் நீக்கிய கிருமியை மறுபடி அழைத்துக்கொண்ட கதைதான். வாளியைக் கம்பி நாரால் தேய்ப்பது அடுத்த தவறு. அந்தக் கீறல்களுக்குள் கிருமி குடியேறிவிட்டால் வாளியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. மெல்லிய துணி போதும்.

துணி வெளுக்கும் பிளீச்சைப் பயன்படுத்திவிட்டுச் சரியாக அலசாமல் விட்டால் பீரில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். குளோரின் பீரில் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிறது. மிக மிகக் குறைந்த அளவிலேயே நாக்குக்குத் தெரிந்துவிடும், எத்தனை மாதம் வைத்திருந்தாலும் போகாது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் நேரடியாகப் பீர் போட்டாலும் இதே கதி. சாதாரண குளோரின் என்றால் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றலாம். குளோராமின் கலந்திருந்தால் கொதிக்கவைத்தும் எளிதில் போகாது. கேம்ப்டன் மாத்திரை என்ற சல்ஃபைட் மாத்திரையில் பாதியைப் பொடித்து 23 லிட்டரில் கலக்கினால் சில நிமிடங்களில் இரண்டும் போய்விடும். பிளீச்சையும் அமிலக் கிருமிநாசினியையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. நச்சு வாயு வரும்.

மால்ட் சாறு டப்பாவில் பார்க்க வேண்டியது தேதி. பழைய சாறு நிறம் கறுத்து, பீரில் ஒருவிதக் கருகல் தித்திப்பைக் கொடுக்கும். அதைவிடப் பாவம் மூடிக்கடியில் இருக்கும் ஈஸ்ட். கிடங்கு வெயிலில் மாதக்கணக்கில் வெந்து வந்திருக்கும். 23 லிட்டருக்கு ஆறு கிராம் என்பது புதிதாக இருந்தாலே இழுபறி அளவு. தனியாக 11.5 கிராம் பொட்டலத்தில் வரும் சேஃபேல் யுஎஸ்-05 போன்ற ஈஸ்ட் ஒன்றை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்வது, இந்தக் கிட்டுக்குச் செய்யக்கூடிய மிக நல்ல காரியம். ஈஸ்ட்டை 45 டிகிரித் தண்ணீரில் "எழுப்பி"க் கொல்கிறவர்களும் உண்டு. உலர் ஈஸ்ட்டை ஊறவைக்க நினைத்தால் எடையைப் போல் பத்து மடங்கு தண்ணீர், 30 முதல் 35 டிகிரி செல்சியஸ், கால் மணி நேரம். சந்தேகமாக இருந்தால் நேராகச் சாற்றின் மேல் தூவிவிடலாம், இன்றைய உலர் ஈஸ்ட்கள் பெரும்பாலும் அதற்கும் தாங்கும்.

டப்பாவை மேலுறை நீக்கிச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் வைத்தால் சாறு இளகி ஊற்றிக்கொண்டு வரும். மூடிய டப்பாவை அடுப்பில் ஏற்றக் கூடாது, வெடிக்கும். பானையில் ஊற்றும்போது அடுப்பை அணைத்துவிட்டு ஊற்ற வேண்டும். சாறு தண்ணீரைவிடக் கனம், அடியில் போய்ப் படிந்து நிமிடத்தில் தீய்ந்துவிடும். ஹாப்ஸ் ஏற்கெனவே சேர்த்த சாறு என்பதால் இதைக் கொதிக்கவைக்கவும் தேவையில்லை. கொதிக்கவிட்டால் மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்ச மணமும் ஆவியாகப் போகும், அடுப்பெல்லாம் நுரை பொங்கி ஒட்டும்.

1 கிலோ சர்க்கரை பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. போட்டால் ஆல்கஹால் வரும், உடம்பு வராது. பீர் தண்ணியாக, வறட்டுச் சுவையோடு இருக்கும். பாதியையாவது உலர் மால்ட் தூளாக மாற்றினால் நுரையும் நிற்கும், வாயிலும் நிறைவாக இருக்கும்.

இனி வெப்பநிலை. தாள் சொல்வது: மூன்று லிட்டர் கொதிநீரில் கரை, குளிர்ந்த நீரால் 23 லிட்டராக்கு, ஈஸ்ட் போடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று லிட்டர் கொதிநீரும் இளகிய சாறும் சேர்ந்து 80 டிகிரிக்கு மேல் இருக்கும். அதில் 15 டிகிரி குளிர்ந்த தண்ணீரை 19 லிட்டர் ஊற்றினாலும் மொத்தம் 27 டிகிரி வாக்கில்தான் நிற்கும். குழாய்த் தண்ணீரே 25 டிகிரி என்றால் கேட்கவே வேண்டாம். பல தாள்கள் "21 முதல் 27 டிகிரிக்குள் நொதிக்கலாம்" என்று எழுதியிருப்பதால் வாங்கியவருக்குச் சந்தேகமும் வராது. ஈஸ்ட் அந்தச் சூட்டில் சாகாது என்பது உண்மைதான். ஆனால் குடிக்கிறவருக்குத்தான் தண்டனை.

ஏல் என்னும் பீர் வகைக்கான ஈஸ்ட்டுக்கு வசதியானது 18 முதல் 20 டிகிரி. நொதித்தலே சூட்டைக் கிளப்பும் என்பதால், முதல் மூன்று நாளில் வாளிக்குள் இருப்பது அறையைவிட 3 முதல் 5 டிகிரி அதிகமாக இருக்கும். அறை 25 என்றால் உள்ளே 29. அந்தச் சூட்டில் ஈஸ்ட் வேகமாகப் பெருகி, கனமான ஆல்கஹால்களையும் எஸ்டர்களையும் கக்கும். வாழைப்பழ எசென்ஸ், நகச்சாய நீக்கி, தொண்டையில் எரிச்சல், அடுத்த நாள் தலைவலி எல்லாம் இதன் கைவரிசை. பிறகு குளிரவைத்து இதைச் சரிசெய்ய முடியாது. சேதம் நடப்பது முதல் 72 மணி நேரத்தில்தான்.

செய்ய வேண்டியது சுலபம். கொதிநீருக்குப் பதில் 70 டிகிரி வாக்கில் இரண்டு லிட்டர் போதும், சாறு கரைந்துவிடும். மீதித் தண்ணீரில் ஒரு பங்கை முந்தின நாளே குளிரவைத்துக்கொள்ளலாம். வெப்பமானிப் பட்டை 20ஐ அல்லது அதற்குக் கீழே காட்டிய பிறகே ஈஸ்ட். பிறகு வாளியை அகலமான தொட்டியில் இறக்கி, கால்வாசி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, வாளியைச் சுற்றி ஈரத்துணி போர்த்தி, உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைக் காலையிலும் மாலையிலும் மாற்றிப் போட வேண்டும். நான்கு நாள் இப்படிக் காத்தால் போதும். அதன் பிறகு 21, 22 வரை தானாக ஏறினாலும் நல்லதே, ஈஸ்ட் வேலையை முடிக்கும். ஐந்தாம் நாள் திடீரென்று குளிரடித்துவிட்டால்தான் ஈஸ்ட் சோர்ந்து அடியில் படுத்துவிடும். ஹைட்ரோமீட்டர் 1.020இல் நின்றுவிட்டது என்ற புலம்பலில் பாதி இது. வாளியை மெதுவாகச் சுழற்றி, சூட்டை 21 டிகிரிக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும்.

ஏர்லாக்கை யாரும் மீட்டராக நினைக்க வேண்டாம். குமிழி வரவில்லை என்றால் நொதிக்கவில்லை என்று அர்த்தமில்லை. இந்த வாளிகளின் மூடி ஓரத்தில் எங்கோ கசியும், வாயு அந்த வழியாகப் போய்விடும். மூடியைத் திறக்காமலே வாளிச் சுவரில் நுரை வளையம் தெரிகிறதா என்று பார்த்தால் விஷயம் முடிந்தது. அதேபோல் குமிழி நின்றுவிட்டது என்றால் நொதித்தல் முடிந்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. 23 லிட்டரில் நாலு விழுக்காட்டு ஆல்கஹால் உண்டாகும்போது 400 லிட்டருக்கு நெருக்கமாகக் கரியமில வாயு வெளியேறுகிறது. வாளி 25 லிட்டர்தான் என்றால் மேலே நுரைக்கு இடமில்லை, ஹாப்ஸ் துகளோடு நுரை ஏறி ஏர்லாக்கை அடைத்துக்கொள்ளும். பிறகு மூடி கூரைக்குப் போகும், பீர் சுவருக்குப் போகும். வாங்கும்போதே 30 லிட்டர் வாளி உள்ள பெட்டியாகப் பார்த்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சில நாள் ஏர்லாக்குக்குப் பதில் தடித்த குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையைக் கிருமிநாசினி நிரப்பிய சொம்பில் முக்கி வைக்கலாம்.

ஹைட்ரோமீட்டர்தான் இந்தப் பெட்டியிலேயே உண்மை பேசும் பொருள். உடையாமல் வந்து சேர்ந்திருந்தால். 20 டிகிரி சுத்தமான நீரில் 1.000 காட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 1.002 காட்டினால் ஒவ்வொரு அளவிலும் 2 புள்ளி, அதாவது 0.002, கழித்துக்கொள்ளலாம். 30 டிகிரிச் சாற்றில் அளந்தால் இரண்டரைப் புள்ளி குறைத்துக் காட்டும். இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. கனமான சாறு அடியில் தங்கியிருக்க, மேலே தண்ணீர் சரியாகக் கலக்காமலிருந்தால், அடிக் குழாயில் பிடித்த மாதிரி 1.050க்கு மேல் காட்டிப் பயமுறுத்தும். இந்தப் பெட்டியின் சாறும் சர்க்கரையும் 23 லிட்டரில் 1.038, 1.040 வாக்கில்தான் வர முடியும். அதைவிட எகிறினால் கலக்கியது போதவில்லை. ஈஸ்ட் போடுமுன் நன்றாக நுரைக்க அடித்துக் கலக்குங்கள். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் காற்று நண்பன். தொடக்கம் 1.039, முடிவு 1.008 என்றால் வித்தியாசம் 0.031, அதை 131.25ஆல் பெருக்கினால் சுமார் 4.1 விழுக்காடு ஆல்கஹால். அளந்த மாதிரியை வாளிக்குள் திரும்ப ஊற்ற வேண்டாம். குடித்துப் பார்த்துவிடலாம், அதுவும் ஒரு சோதனைதான்.

தாளின் மிகப் பெரிய குற்றம் இனிமேல்தான். "நான்கு முதல் ஆறு நாளில் குமிழி நின்றதும் பாட்டிலில் அடைக்கவும்" என்கிறது. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பது இதற்காகவே சொன்ன மாதிரி இருக்கிறது. இரண்டு வாரம் விட வேண்டும். அதன் பிறகு இரண்டு நாள் இடைவெளியில் அளந்தால் ஒரே எண் வர வேண்டும். 1.010, மறுபடி 1.010 என்றால் அடைக்கலாம். 1.014, பிறகு 1.012 என்றால் காத்திருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? பாட்டிலுக்குள் வாயு உண்டாவதற்காகப் போடும் சர்க்கரை, லிட்டருக்கு 6 முதல் 7 கிராம். பீரின் ஒரு கொள்ளளவுக்கு இரண்டரை கொள்ளளவு வாயு என்று சொல்லும் வழக்கமான நுரைப்பை அது தரும். நொதிக்காமல் மிஞ்சிய ஒவ்வொரு 2 புள்ளியும் அதன் மேல் இன்னொரு கொள்ளளவைக் கூட்டும். 4 புள்ளி அவசரப்பட்டால் இரண்டரை நாலரை ஆகிவிடும். சாதாரண பீர் பாட்டில் கண்ணாடி அதற்குச் செய்யப்பட்டதல்ல. வெடித்தால் கண்ணாடிச் சில்லு அறை முழுக்கப் பறக்கும், பக்கத்துப் பாட்டிலையும் சேர்த்து உடைக்கும். ஒன்று வெடித்துவிட்டால் மீதியைக் கையில் எடுத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டு, மேலே கனமான போர்வையை மூடி, முடிந்தால் அப்படியே குளிர்ந்த இடத்துக்கு நகர்த்தி, நன்றாகக் குளிர்ந்த பிறகே மூடியை நெம்பி வாயுவை வெளியேற்ற வேண்டும்.

அதனால் பெட்டியோடு பெட் (PET) என்ற பிளாஸ்டிக் பாட்டில் வருகிற வகையை வாங்குபவர்களைக் கேலி செய்யத் தேவையில்லை. பார்க்க அழகில்லை, ஆனால் விரலால் அமுக்கினாலே அழுத்தம் தெரியும். கல்லாக இறுகினால் குளிர்சாதனப் பெட்டிக்கு. கண்ணாடியில் அடைப்பவர்களும் ஒன்றே ஒன்று பெட்டில் அடைத்துச் சாட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். திருகிக் கழற்றும் கழுத்துள்ள பாட்டிலில் நெம்பிக் கழற்றும் மூடியை அடித்தால் ஒன்று கசியும், அல்லது கழுத்து உடையும். மூடியை அழுத்திப் பொருத்தும் இரண்டு கைப்பிடிக் கருவி பரவாயில்லை. சுத்தியலால் அடித்து மூடும் மலிவுக் கருவி வந்திருந்தால் அதைக் குப்பையில் போடலாம்.

பாட்டிலுக்குப் பாட்டில் கரண்டியால் சர்க்கரை போடச் சொல்கிறது தாள். கரண்டி கைக்குக் கை மாறும், ஒரு பாட்டில் செத்துக் கிடக்கும், அடுத்தது ஊற்றாகப் பீறிடும். சில பெட்டிகளில் வரும் சர்க்கரை வில்லைகள் இதைவிட மேல். 330 மில்லிக்கு ஒன்று, 750க்கு இரண்டு. இரண்டாவது வாளி இருந்தால் இன்னும் நல்லது. 150 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் நீரில் காய்ச்சி அந்த வாளியின் அடியில் ஊற்றி, பீரை அதன் மேல் சலசலப்பின்றி இறக்க வேண்டும். மேலிருந்து தடதடவென்று ஊற்றினால் காற்று புகுந்து, ஒரே மாதத்தில் ஈர அட்டையை மென்ற சுவை வரும். பாட்டில் நிரப்பும் குழலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடி வரை விட்டு அமுக்கினால் அடியிலிருந்து நிரம்பும், விளிம்பு வரை நிரப்பி வெளியே எடுத்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி தானாகக் கிடைக்கும். பெட்டியிலேயே மிக நன்றாக யோசித்துச் செய்த சாமான் இதுதான்.

அடைத்த பாட்டில்களை உடனே குளிரில் வைத்தால் பொங்கவே பொங்காது. 20 டிகிரி வாக்கில் இரண்டு வாரம், இருட்டில். பழுப்பு அல்லாத கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து, சகிக்க முடியாத கந்தக நாற்றமாக மாறும். நேர் வெயிலில் அதற்குச் சில நிமிடமே போதும்.

திறந்து குடிக்கும்போது பச்சை ஆப்பிள் வாடை அடித்தால் அவசரப்பட்டு அடைத்திருக்கிறீர்கள், இன்னும் சில வாரம் விட்டால் குறையலாம். வெண்ணெய் வாடையும் பல நேரம் அப்படியே. காடிப் புளிப்போ, மேலே வெள்ளை ஆடையோ இருந்தால் காத்திருந்து பயனில்லை, கிருமிதான், குழாயைப் பாருங்கள். எல்லாப் பாட்டிலும் நாளாக நாளாக அதிகமாகப் பீறிட்டால் அதுவும் கிருமியின் வேலை, மிச்சத்தைக் குளிரவைத்துக் கொட்டிவிடுவது உத்தமம்.

வாங்கலாமா? வீட்டில் காய்ச்சுவதை உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது என்றால், தாராளமாக. கூடவே நல்ல ஈஸ்ட் ஒரு பொட்டலம், அலச வேண்டாத கிருமிநாசினி ஒரு புட்டி, அரை கிலோ உலர் மால்ட் தூள், குழாய்க்கு ஒரு ஜோடி உதிரி வளையம். இன்னொரு வாளிக்கு வசதி இருந்தால் அதுவும். வேலை முடிந்து வாளியை எடுத்து வைக்கும்போது குழாயைக் கழற்றித் தனியாகவும், மூடியை அழுத்தாமல் சும்மா மேலே சாய்த்தும் வையுங்கள். ஈரத்தோடு இறுக மூடிய வாளியில் பூஞ்சை வாடை பிளாஸ்டிக்கிலேயே ஏறிவிடும், அடுத்த 23 லிட்டருக்கும் அது கூடவே வரும்.